நூறு அட்டைகளில் ஒரு ‘தே’

இலங்கையில் கல்முனைக்குப் போய் வந்தேன் என்று சொன்னால், பிள்ளைகளே, நீங்கள் மூன்று பேரும் முதலில் கேட்பது, அங்கே என்ன சாப்பாடு என்றுதான். ஆகவே சாப்பாட்டிலேயே தொடங்குகிறேன். அந்த நாட்டில் என் தட்டில் முதலில் விழுந்தது பாண். பாண் என்றால் நம் ஊர் ரொட்டிதான், ஆனால் செங்கல் அளவு. கத்தியால் அறுத்துப் பருப்புக் கறியில் தோய்த்துக் காலையிலேயே சாப்பிடுகிறார்கள். நம் ஊரில் காய்ச்சல்காரனுக்குக் கொடுப்பதை அங்கே வயல் வேலைக்குப் போகிறவன் சாப்பிடுகிறான். இரண்டாவது துண்டில் போதும் என்று தோன்றியது. மூன்றாவது துண்டில் பழகிவிட்டது.

போனது எண்பத்திரண்டாம் வருஷம், பொங்கல் கழிந்து. சின்னவள் அப்போது பிறக்கவில்லை. இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்கு அப்போது கப்பல் ஓடியது. இப்போது இல்லை. அது வேறு கதை.

ஊர் பார்க்க நான் போகவில்லை. ஒரு சாக்கில் நூறு புத்தகம் கொண்டுபோனேன். ஒவ்வொன்றும் முப்பத்திரண்டு பக்கம், ரோஸ் நிற அட்டை. எழுதியது ஆதம்பாவா. கூட உட்கார்ந்து எழுதியது நான். அச்சாகி வந்தபோது அவன் இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. சாகும்போது அவனுக்கு வயது இருபத்தாறு.

குவைத்தில் எங்கள் கேம்பில் எனக்குப் பக்கத்துக் கட்டில் அவனுடையது. அவன் கம்பி கட்டுகிறவன். நான் தச்சன்; அவன் கட்டிய கம்பியைச் சுற்றிப் பலகை அடிப்பது என் வேலை. வெள்ளிக்கிழமை விடுமுறை. தொழுதுவிட்டு வந்து கட்டிலில் சாய்ந்தபடி கவி சொல்வான். நாலு வரியில் பாடும் பாட்டுக்கு அவர்கள் பக்கம் கவி என்று பெயர். எழுபத்தெட்டில் ஒரு பெரிய புயல் அந்தக் கரையையே அடித்துப் போட்டது. சூறாவளி என்பார்கள். அந்த ஓர் இரவையும் மறுநாளையும் முழுக்கக் கவியாகச் சொல்லிவிட வேண்டும் என்று அவனுக்கு ஆசை.

அவன் சொல்வான், நான் எழுதுவேன். எழுதுவதோடு விடமாட்டேன். வரி இடறினால் "இது நிக்கல ஆதம், மாத்து" என்பேன். அவன் மாற்றுவான், இல்லாவிட்டால் நான் ஒரு சொல் கொடுப்பேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். அவன் அதுகூட இல்லை. ஆனாலும் ஒரு சொல்லுக்காக அரை நாள் சண்டை போட்டிருக்கிறோம். இதைப் பாருங்கள்:

காத்து வருகுதெண்டு
கதவடைச்சிக் குந்திரிந்தோம்
கூத்து முடிஞ்ச பின்னே
கூரையில்லை, வானமுண்டு.

அந்த "வானமுண்டு" என்னுடையது. அவன் "வானந்தான்" என்று சொல்லியிருந்தான்.

தெரியாத சொல் வந்தால் கேட்டு எழுதிக்கொள்வேன். வாடி என்றால் வயலில் காவலுக்குப் போடும் குடிசை. வட்டை என்றால் வயல்வெளி. பெண்ணைக் கூப்பிட்டுப் பேசினால் கடைசியில் ஒரு ‘கா’ போடுவார்கள். நோட்டின் பின்பக்கம் முழுக்க அப்படி ஒரு பட்டியல் வைத்திருந்தேன்.

அவன் கடைசியாகச் சொன்ன கவிக்கு வருகிறேன். சூறாவளி இரவில் அவன் நாவிதன்வெளியில் வயல் வாடியில் இருந்தான். மனைவி கல்முனைக்குடியில் இருந்தாள். விடிந்ததும் அவளைத் தேடிப் புறப்படுகிறான்:

தென்னை மரமெல்லாம்
தலையறுந்து நிக்குது கா
என்ட கிளி இருக்கும்
இடம் தேடி வெளிக்கிட்டன்.

சொல்லிவிட்டுச் சிரித்தான். "மறுகா..." என்றான். இன்னும் சிரித்தான். பிறகு போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு படுத்துவிட்டான். நான் "மறுகா" என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தேன். ஏன் சிரித்தான் என்று அப்போது யோசிக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வருமுன் வேலைக்கு ஆள் ஏற்றிப்போன வண்டி பாலைவன ரோட்டில் கவிழ்ந்தது. அவனை அங்கேயே அடக்கம் செய்தார்கள்.

"மறுகி மறுகி அழுதாள்" என்று நாம் சொல்வோம் அல்லவா? ஆகவே "மறுகா" என்றால் மனம் கலங்காதே என்று மனைவிக்குச் சொல்கிறான் என எடுத்துக்கொண்டேன். சாவதற்கு ஐந்து நாள் முன்பு ஒருவன் இப்படிச் சொல்லிவிட்டுப் போனால், புத்தகத்துக்கு வேறு பெயர் தேடுவார்களா? அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கிறவர், "மறுகான்னு நிறுத்தினா அந்தரத்துல தொங்குது அண்ணே. ஒரு ‘தே’ போட்டாத்தான் முடியும்" என்றார். எனக்கும் சரி என்று பட்டது. அட்டையிலும் கடைசிப் பக்கத்திலும் "மறுகாதே" என்று பெரிய எழுத்தில் அடித்தோம்.

முதல் நாள் பஸ்ஸில் நடந்ததைச் சொல்கிறேன். மட்டக்களப்பு தாண்டினால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயல். அதைக் களப்பு என்கிறார்கள். பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. கைக்குழந்தையோடு ஒரு பெண் என் பக்கத்தில் நின்றாள். நடத்துனர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து என் முகத்துக்கு நேரே, "இரக்கமா?" என்று கேட்டார்.

இந்த நாட்டில் நேரடியாகவே கேட்கிறார்களே என்று நினைத்தேன். எனக்கு வெட்கமாகப் போயிற்று. எழுந்து அந்தப் பெண்ணுக்கு இடம் விட்டு, ஆதம்பாவாவிடம் கற்ற தைரியத்தில் "ஓம்" என்றேன். அவர் உடனே மணி அடித்தார். பஸ் நின்றது. என் சாக்கு கீழே இறங்கியது. அதன் பின்னால் நானும் இறக்கப்பட்டேன். பஸ் போய்விட்டது.

அது பாண்டிருப்பு. எதிரே ஒரு தேநீர்க் கடை.

"ஆரு நீங்க? எங்கால வாறீங்க?" என்றார் கடைக்காரர்.

"இந்தியாவிலேருந்து."

"இந்தியாவிலயிருந்து பாண்டிருப்புக்கா? அம்மன் கோயில் தீமிதிப்புக்கு இன்னும் கனநாள் கிடக்கே."

"இல்லீங்க, கல்முனைக்குடிக்குப் போகணும். கண்டக்டர் இரக்கம் இருக்கான்னு கேட்டாரு. இருக்குன்னு சொன்னேன்."

கடையில் இருந்த நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு சிரிக்கத் தொடங்கினார்கள். கடைக்காரர் தேநீர் ஆற்றுகிற கையை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அது இறக்கம் ஐயா. இறங்கப் போறீங்களா எண்டு கேட்டிருக்கான். இரக்கமில்லாத ஆளா இருந்திருந்தா நேரா வீட்ட போய்ச் சேந்திருப்பீங்க."

பாலில்லாத தேநீரும், உள்ளங்கையில் ஒரு கரண்டி சீனியும் கொடுத்தார். சீனியை நக்கிக்கொண்டே தேநீரைக் குடிக்க வேண்டும். எனக்கு அது சின்னப் பிள்ளை வேலையாகப் பட்டது, ஆனால் பக்கத்தில் மீசை வைத்த பெரியவர்களே அதைத்தான் செய்தார்கள். குடித்து முடித்ததும் கடைக்காரரே சைக்கிளில் சாக்கை ஏற்றித் தள்ளிக்கொண்டு என்னோடு நடந்து வந்து கல்முனைக்குடியில் விட்டுவிட்டுப் போனார்.

ஆதம்பாவாவின் வீடு உண்மையில் அவன் மனைவி கதீசாவின் வீடு. அங்கே கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறார். கதீசாவின் அண்ணன் மீராலெவ்வை, மீன் வியாபாரி, வாசலில் நின்று என்னைக் கட்டிக்கொண்டார். என் கடிதம் கிடைத்திருந்தது. முன்னறையில் என்னை உட்கார வைத்தார். கதீசா உள் வாசலில் தொங்கிய சீலைக்குப் பின்னால் இருந்து பேசினாள். குரலை மட்டும்தான் கேட்டேன்; கடைசிவரை முகம் பார்க்கவில்லை. மூன்று வயது மகள் பஸீலா மட்டும் சீலையை விலக்கி விலக்கி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் சிவப்பரிசிச் சோறு, பொரித்த கீரி மீன், கத்தரிக்காய்ப் பால்கறி. கடைசியில் எருமைத் தயிர். கத்தியால் வெட்டலாம் போல் இருந்தது. சம்பலில் தேங்காய் கொஞ்சம்தான்.

"தென்னை எல்லாம் சூறாவளியோட போயிட்டு. வெச்ச பிள்ளை இன்னும் காய்க்கல்ல" என்றார் மீராலெவ்வை. "வெக்கப்படாமத் தின்னுங்க."

தின்னு என்று நாம் மாட்டைத்தான் சொல்வோம். அங்கே விருந்தாளியைச் சொல்கிறார்கள். முதல் நாள் கொஞ்சம் சுருக்கென்றது. இரண்டாம் நாள் "திண்டாச்சா?" என்று கேட்டார், "திண்டாச்சு" என்றேன்.

அந்த இரண்டாம் நாள் காலையில் கடற்கரைக்குப் போனேன். நம் பக்கம் போலவே கிழக்குக் கடல்தான். சூரியன் அதே இடத்தில்தான் எழும்பியது. கரையெல்லாம் மொட்டைத் தென்னைகள் வரிசையாக நின்றன, பந்தல் போடக் கால் நட்டுவிட்டு மறந்துபோன மாதிரி. திரும்பி வந்து சாக்கைப் பிரித்தேன். அதுவரை எனக்குத் தைரியம் வரவில்லை.

மீராலெவ்வை ஒரு புத்தகத்தை எடுத்து அட்டையைப் பார்த்தார். "மறு... காதே" என்று படித்தார். "இதென்ன பேரு?" என்று கேட்க வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சீலைக்கு உள்ளே ஒன்று கொடுத்தார்.

கதீசா படிக்கும் சத்தம் வெளியே கேட்டது. முணுமுணுப்பாகத் தொடங்கி, கொஞ்ச நேரத்தில் ராகத்தோடு வந்தது. சில இடங்களில் சிரித்தாள். "வானமுண்டு" வந்தபோது, "ஓம், உண்டுதான்" என்றாள். எனக்குள் கொஞ்சம் பெருமை. பிறகு கடைசிப் பக்கம். அங்கே சத்தம் நின்றது.

"அண்ணன்." என்னைத்தான் கூப்பிட்டாள்.

"சொல்லும்மா."

"எல்லாம் அவர்ர வாய்தான். இது மட்டும் இல்ல. மறுகாதே எண்டு நாங்க கதைக்கிறல்ல. இத ஆரு சொன்ன?"

"அவன்தாம்மா. கடைசியா சொன்னது. நான் என் கையால எழுதினேன்."

"அந்த நோட்டு இரிக்கா?"

நோட்டு என் பையில் இருந்தது. மீராலெவ்வை வாங்கி உள்ளே கொடுத்தார். தாள் புரளும் சத்தம். பிறகு, நான் எதிர்பார்க்கவே இல்லை, கதீசா வாய்விட்டுச் சிரித்தாள். "காக்கா, இஞ்ச வாங்க, இதப் பாருங்க" என்று தன் அண்ணனைக் கூப்பிட்டாள். மீராலெவ்வை எட்டிப் பார்த்தார். அவரும் சிரித்தார். என்னைத் திரும்பிப் பார்த்ததும் அடக்கிக்கொண்டு சொன்னார்:

"குறை நினைக்காதீங்க. மறுகா எண்டா பொறகு எண்டு. கடைக்குப் போனன், மறுகா ஊட்ட வந்தன். அப்படி. ஒருத்தர் கதை சொன்னா, கேட்டுக்கிட்டிரிக்கிற ஆளும் ‘மறுகா?’ எண்டு கேப்பாரு. அப்பதான் கதை ஓடும்."

தெரியாத சொல்லையெல்லாம் கேட்டேன். இது தெரிந்த சொல் என்று நினைத்ததால் கேட்கவில்லை. பேசிக்கொண்டே இருந்தவனுக்கு முற்றுப்புள்ளி வைத்திருக்கிறேன். அவன் சொல்லாத புத்திமதியை அவன் பெயரில் நூறு தடவை அச்சடித்திருக்கிறேன். "எல்லாத்தையும் திருப்பி எடுத்துக்கிட்டுப் போறேன், வேற அடிச்சு அனுப்புறேன்" என்றேன். அப்போதுதான் அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தது. நான் கேட்டேன்: "அவன் அதைச் சொல்லிட்டுச் சிரிச்சான்மா. சிரிச்சு முகத்தை மூடிக்கிட்டான். ஏன்னு உனக்குத் தெரியுமா?"

"சிரிச்சாரா?" என்றாள். "அப்ப சொல்லத்தான் வெளிக்கிட்டிரிக்காரு" என்றாள்.

பிறகு அவள் சொன்னதை அவள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"காத்தடிச்ச ராவு நாங்க பள்ளிக்கூடத்துக்குள்ள. புள்ள பொறந்து பத்து நாள். விடிய உம்மாட கையில புள்ளையக் குடுத்திட்டு ஊட்டப் பாக்கப் போறன், ஊடு இல்ல. வேலி இல்ல. ஒழுங்கை எது, வளவு எது, ஒண்டும் தெரியா. மழைக்குத் தலையில சாக்கு, மேலெல்லாம் சேறு. அப்படி ரோட்டுல நிக்கக்குள்ள இவரு ஓடி வாறாரு. என்னக் கண்டிட்டு நிண்டாரு. நிண்டு, ‘ராத்தா, ஆதம்பாவாட ஊடு எந்தப் பக்கம்?’ எண்டு கேட்டாரு."

ராத்தா என்றால் அக்கா. கட்டிய மனைவியைப் பார்த்து அக்கா என்று கூப்பிட்டு, தன் வீட்டுக்கே வழி கேட்டிருக்கிறான்.

"நீ என்னம்மா சொன்னே?"

"நான் என்ன சொல்ற? ‘தெரியா காக்கா, நானும் அதத்தான் தேடுறன்’ எண்டன்."

மீராலெவ்வை தொடையில் அடித்துச் சிரித்தார். "அடியே, மூணு வருசமா எனக்கே சொல்லல்லயே நீ!"

"சத்தியம் வாங்கினாரு காக்கா. ஊருல ஒருத்தருக்கும் சொல்லாத கா, தெரிஞ்சா நக்கலடிப்பானுகள் எண்டு. மறுகா என்ட குரலக் கேட்டுத்தான் ஆளை அறிஞ்சாரு. ரெண்டு பேரும் சேத்துக்குள்ள குந்திக்கிட்டு அழுதம்."

மனைவியிடம் சத்தியம் வாங்கியவன் எனக்கு மட்டும் சொல்ல வந்திருக்கிறான். வெட்கம் வந்து, அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று போர்வையை இழுத்துக்கொண்டான்.

நான் நோட்டைத் திருப்பிக் கேட்டேன். இதை இரண்டு கவியாகக் கட்டிச் சேர்த்துவிடலாம், அவன் பாணி எனக்குத் தெரியும் என்றேன். கதீசா உடனே மறுத்தாள்.

"வேணாம் அண்ணன். கவியாச் சொல்ல வந்தது அவரு. அவரு சொல்லல்ல. நீங்களும் கட்ட வேணாம், நானும் கட்டல்ல. அந்த ‘தே’ய மட்டும் எடுத்துப்போடுங்க. மறுகா எண்டு ஆரும் கேட்டா வாயால சொல்லுங்க."

"சத்தியம் வாங்கினானேம்மா?"

"அவரே சொல்ல வெளிக்கிட்டாரே. அதோட அந்தச் சத்தியம் முடிஞ்சிட்டு."

மூன்றாம் நாள் முழுக்க அந்த வேலைதான். மீராலெவ்வை கறுப்பு மையால் அடித்துவிடலாம் என்றார். "மௌத்து நோட்டீசு மாதிரிக் கிடக்கும்" என்று கதீசா ஒத்துக்கொள்ளவில்லை. மௌத்து என்றால் சாவு. ஆகவே சவர பிளேடு. பிளேடை நிமிர்த்திப் பிடித்து, தாளைக் கிழிக்காமல், மேலாகச் சுரண்ட வேண்டும். இழைப்புளி பிடித்த கைக்கு அது பெரிய வேலை அல்ல. நான் அட்டைகளை எடுத்துக்கொண்டேன். கடைசிப் பக்கங்கள் உள்ளே போயின. அக்கம்பக்கத்துப் பெண்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். உள்ளேயிருந்து பேச்சு கேட்டுக்கொண்டே இருந்தது.

"பிளேட்ட அழுத்தாத கா, ஓட்ட உழுந்திட்டு."

"‘தே’க்குக் கொம்பு இரிக்கே, அதையும் எடுக்கிறயா?"

"கொம்ப உட்டா ஆரு முட்டுற? எல்லாத்தையும் எடு."

ஒரு பெண் கடைசிக் கவியைப் படித்துவிட்டு "மறுகா எங்கட கூரைத் தகரம் சவுக்கு மரத்துல தொங்கினதே, தெரியுமா?" என்று தொடங்கினாள். அவள் முடிக்குமுன் இன்னொருத்தி தன் ஆட்டுக்கு நடந்ததைச் சொன்னாள். அவர்களில் யாரும் ஆதம்பாவாவின் கவியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு முதலில் அது குறையாகத் தோன்றியது. பிறகு தோன்றவில்லை.

சாயங்காலம் மீராலெவ்வையின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, ஆதம்பாவா நடந்து வந்த வழியைப் பார்க்கப் போனேன். நாவிதன்வெளிக்குப் போகிற ரோட்டில் கிட்டங்கி என்ற இடத்தில் மழைத் தண்ணீர் ரோட்டுக்கு மேலாக ஓடிக்கொண்டிருந்தது. முழங்கால் அளவுதான் என்றார். நான் நடந்து பார்த்தேன். பத்தடியில் செருப்பு ஒன்று போய்விட்டது. அவன் வந்த அன்று நெஞ்சளவு இருந்ததாம். இன்னொரு செருப்பையும் அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பினேன்.

நாலாம் நாள் புறப்பட்டேன். புத்தகங்களை அங்கேயே கொடுத்துவிட்டு எனக்குப் பத்து மட்டும் எடுத்துக்கொண்டேன். எல்லாவற்றிலும் அட்டையில் "மறுகா" என்ற எழுத்துக்குப் பக்கத்தில் ரோஸ் உரிந்து ஒரு வெள்ளைத் தழும்பு. கதீசா சீலைக்குப் பின்னால் இருந்து, "பிள்ளைகளுக்குச் சலாம் சொல்லுங்க" என்றாள். சொல்லிவிட்டேன்.

பஸ்ஸில் என் பக்கத்தில் வீரமுனைக்காரர் ஒருவர் உட்கார்ந்தார். வயல் செய்கிறவர். மடியில் தயிர்ச் சட்டி. என் கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்து, "என்ன புத்தகம்? தாங்க பாப்பம்" என்று வாங்கினார். விரலை வரிக்குக் கீழே ஓட்டி மெதுவாகப் படித்தார். அவர் கடைசிப் பக்கத்துக்கு வரப் பல ஊர் தாண்டிவிட்டது. தாளைத் திருப்பினார். அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. திரும்ப இந்தப் பக்கம் வந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மறுகா?" என்றார்.

சொன்னேன். பஸ் இரைச்சலில் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. "நானும் அதத்தான் தேடுறன்" என்ற இடத்தில் முன் சீட்டுப் பெண்கள் இருவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். இவர் தயிர்ச் சட்டி குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்து, தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சட்டியை நேராக வைத்து, மறுபடியும் கேட்டார்:

"மறுகா?"

இதற்கு மேல் கதீசா எனக்குச் சொல்லித் தரவில்லை. புத்தகத்தைத் திருப்பி வாங்கக் கையை நீட்டினேன். அவர் விடவில்லை; என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மறுகா குவைத்துக்கு வந்தான்" என்றேன். "அங்க நான் இருந்தேன்."